பத்தாம் வகுப்போடு நின்றுபோன பாடம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நீ சைட்டுல இருக்கிறவன், பசங்களுக்கு ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்று கேட்டுக் கொண்டார். சிவில் என்ஜினியர் என்பதால் கான்கிரீட் பற்றியோ கம்பி விலை பற்றியோ பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக் கொண்டிருப்பது சமூக அறிவியல். ஆமாம், பத்தாம் வகுப்பில் கடைசிப் பரீட்சையாக எழுதிவிட்டு, புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டோமே, அதே பாடம்தான். பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை.

நம் அப்பாக்கள் அதைச் சரித்திரம், பூகோளம் என்று இரண்டாகச் சொன்னார்கள். இன்று வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நாலு பகுதி. கோத்தாரி கல்விக் குழு சொன்ன பத்தும் இரண்டும் என்ற ஏற்பாட்டை 1978-இல் தமிழ்நாடு எடுத்துக் கொண்டு, பி.யூ.சி.யை விட்டுவிட்டு பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளைத் தொடங்கியது. அன்றிலிருந்து பதினைந்து வயதில் ஒரு பிள்ளையின் பாதை பிரிந்துவிடுகிறது. ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தவனுக்கு அதன் பிறகு வரலாறு கிடையாது, புவியியல் கிடையாது, கிராம சபை என்றால் என்ன என்பதும் கிடையாது. அந்த வாசல் சாத்தினது சாத்தினதுதான்.

ஜூன் மாதத்தில் ஏதாவது ஒரு மேல்நிலைப் பள்ளி அலுவலகத்தில் போய் நின்று பாருங்கள். மார்க் பட்டியலைப் பார்த்ததுமே குரூப் முடிவாகிவிடும். நல்ல மார்க் என்றால் கணக்கும் உயிரியலும் உள்ள குரூப், அதற்குக் கீழே கம்ப்யூட்டர், அதற்குக் கீழே காமர்ஸ், எதிலும் இடம் கிடைக்காதவனுக்கு ஹிஸ்டரி குரூப். நல்ல மார்க் வாங்கின பெண் ஒருத்தி, "எனக்கு வரலாறுதான் வேணும்" என்று கேட்டால் வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி ஆகிவிடும். வரலாறு, பொருளியல், புவியியல், அரசியல் அறிவியல், அறவியலும் இந்தியப் பண்பாடும் என்று விருப்பப் பாடங்கள் அரசுப் பட்டியலில் வரிசையாக இருக்கின்றன. எந்தப் பள்ளியில் எது நடத்த ஆசிரியர் இருக்கிறார் என்பது வேறு கதை.

பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொறியியல் கலந்தாய்வில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. அந்த 200-இல் சமூக அறிவியலுக்கு அரை மார்க் கூட இல்லை. மார்க் இல்லாத இடத்தில் யார் மெனக்கெடுவார்கள்?

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நம்மோடு படித்தவர்களில் எத்தனை பேர் பி.இ. முடித்து, இரண்டு வருஷம் வேலை தேடி அலைந்துவிட்டு, டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் சென்டரில் போய் உட்கார்ந்தார்கள்! அங்கே கையில் என்ன புத்தகம்? ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல். இருபத்தைந்து வயதில், நாலு வருஷ ஃபீஸ் கட்டி வாங்கின பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, "பல்லவர்களின் தலைநகரம் எது" என்று அடிக்கோடு போட்டுக் கொண்டிருப்பார்கள். அதே நண்பர்கள் என்னிடம் சொன்னது: "மச்சான், இப்ப படிச்சா நல்லாத்தான்டா இருக்கு. அப்ப ஏன் இப்படி இல்ல?"

அந்தக் கேள்விக்கு என் வேலையிலிருந்து ஒரு பதில் சொல்கிறேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் பக்கத்தில் ஒரு மனைப்பிரிவுக்கு அணுகுசாலை போட்டுக் கொண்டிருந்தோம். சித்திரை மாதம். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குறுக்கே ஒரு பள்ளம், முழங்கால் ஆழம்கூட இருக்காது. வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சின்னக் குழாய் போதும் என்று போட்டிருந்தது. மாடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து நின்று பார்த்தார். "தம்பி, இத்தப் பாத்து ஏமாந்துடாதீங்க. ஐப்பசி கார்த்திகையில மேல ஏரி கலங்கல் போச்சுன்னா தண்ணி பூரா இப்படித்தான் வரும். இது கீழ ஏரிக்குப் போற கால்வா" என்றார்.

கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் வாங்கிப் பார்த்தால், அவர் சொன்னது அப்படியே இருக்கிறது. 'ஓடை' என்று எழுதி, அரசு நீர்நிலைப் புறம்போக்கு என்று தனி சர்வே எண். குழாயை விட்டுவிட்டு முறையான சிறுபாலம் கட்டினோம். செலவு கூடியது என்று நில உரிமையாளருக்கு வருத்தம். அந்தக் கார்த்திகையில் பெய்த மழைக்குப் பிறகு அவரும் ஒன்றும் பேசவில்லை.

நான் கேட்பது இதுதான். மழையளவைக் கொண்டு வெள்ளத்தைக் கணக்கிடும் சூத்திரங்கள் நமக்கு மூன்றாம் ஆண்டில் சொல்லிக் கொடுத்தார்கள். ஏரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சங்கிலி போலப் பிணைக்கப்பட்டவை, ஒன்றின் கலங்கல் நீர் அடுத்ததன் வரத்து, அந்த வரத்துக் கால்வாய் ஊருக்கே பொதுச் சொத்து, அதை அடைப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை என்பதெல்லாம் எந்த வகுப்பில் வரும்? அது பாதி புவியியல், பாதி குடிமையியல். அந்த இரண்டையும் நாம் பதினைந்து வயதிலேயே கைகழுவிவிட்டோம். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலை வரை தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செண்டிமீட்டர் மழை. முடிச்சூரில் மாடி வரை தண்ணீர். அங்கே மூழ்கின வீடுகளுக்குப் பிளான் போட்டவர்கள், சாலை போட்டவர்கள், அனுமதி கொடுத்தவர்கள் எல்லோரும் ஃபர்ஸ்ட் குரூப் படித்த கெட்டிக்காரர்கள். கணக்கில் சென்டம் எடுத்தவர்களும் அதில் இருப்பார்கள்.

சமூக அறிவியல் என்பது என்ஜினியர்களுக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம் என்று நினைப்பவர்களுக்கு, இந்தச் செங்கல்பட்டு மண்ணிலிருந்தே ஓர் ஆளைக் காட்டுகிறேன். 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கையில் வந்தது என்னவென்று கம்பெனிக்கே தெரியவில்லை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராக ஒரு சர்வே எடுத்தார். சுமார் 2,000 ஊர்கள். ஏரி எத்தனை, தோப்பு எத்தனை, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு என்பதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் எத்தனை வீடு, அந்த வீடுகளில் யார், என்ன தொழில், விளைச்சலில் தச்சருக்கு எவ்வளவு, வெட்டியாருக்கு எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு, ஏரியைப் பராமரிக்க எவ்வளவு என்று பங்கு பங்காக எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஊர்க் கணக்கர்கள் எழுதிய ஓலைகளில் ஒரு பகுதி இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆங்கிலக் குறிப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தரம்பால் அவர்கள் அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார்கள். சென்னையில் உள்ள கொள்கை ஆய்வு மையத்தார் ஊர் ஊராக ஆராய்ந்தார்கள்.

கம்பெனி இதைச் செய்தது நம்மேல் உள்ள பிரியத்தால் இல்லை. வரி எவ்வளவு கறக்கலாம் என்று பார்க்கத்தான். அந்தப் பங்குக் கணக்கைப் படித்தால் யாருக்கு அள்ளிக் கொடுத்தார்கள், யாருக்குக் கிள்ளிக் கொடுத்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு பொறியாளன் ஓர் ஊரைத் தெரிந்துகொள்வதற்கு இத்தனை கேள்வி கேட்க வேண்டியிருந்தது என்பதைப் பாருங்கள். இன்றைக்கு ஒரு சாலைக்கு நாம் எடுக்கும் சர்வேயில் மட்டம் இருக்கும், மண் பரிசோதனை இருக்கும், போக்குவரத்து எண்ணிக்கை இருக்கும். ஊர் இருக்காது.

உத்திரமேரூரை எடுத்துக் கொள்ளுங்கள். "குடவோலை முறை பற்றி விடையளி, ஐந்து மதிப்பெண்." எல்லோரும் எழுதியிருக்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டின கல்வெட்டுகள். 30 குடும்பு, ஓலையில் பெயர், குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. மனப்பாடம் செய்து அப்படியே கொட்டினோம். எனக்கு இப்போது அந்தக் கல்வெட்டில் கண் நிற்பது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக் கொள்வதற்கென்றே ஒரு தனிக் குழு, அதற்கும் குடவோலையில்தான் ஆள். இரண்டாவது, பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவனுடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. இன்றைக்கு ஒரு காண்டிராக்டில் அந்த விதியைப் போட்டால் எத்தனை பேர் தேறுவோம் என்று எண்ணிப் பாருங்கள்!

அதே கல்வெட்டில், நிற்பதற்கு 35 முதல் 70 வயது, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, எல்லாம் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அதாவது பிராமண நிலக்காரர்கள் மட்டும். பெண்களுக்கு இடமில்லை, உழுதவனுக்கு இடமில்லை. நம் வகுப்பில் இந்தப் பக்கத்தை எடுத்து யாராவது விவாதித்திருந்தால், 1993 ஏப்ரல் 24 அன்று 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் ஊராட்சியில் இட ஒதுக்கீடு வந்ததன் அருமை தெரிந்திருக்கும். இரண்டும் வேறு வேறு பாடத்தில், வேறு வேறு பக்கத்தில் இருந்தன. வேறு வேறு மார்க்குக்குப் படித்தோம்.

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1790-களில் லியோனல் பிளேஸ் என்ற கலெக்டர், கொட்டும் மழையில் கரை உடையாமல் இருக்க வேண்டுமே என்று ராத்திரி ஏரிக்கரைக்குப் போனாராம். அங்கே வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்கக் கண்டாராம். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மழை ராத்திரியில் கரைக்கு ஓடிப் போன கலெக்டரை மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இனி கடற்கரைக்கு வருவோம். மாமல்லபுரத்துக்கு நாம் எல்லோரும் எக்ஸ்கர்ஷன் போனவர்கள். புளிசாதம், வெண்ணெய்த் திரட்டிப் பாறையைத் தள்ளுவது போல ஒரு போட்டோ, சங்கு மாலை, ஐந்து மணிக்கு பஸ். அங்கே பாதியில் நின்றுபோன குடைவரைகள் இருக்கின்றன. யாரும் நின்று பார்ப்பதில்லை. பார்த்தால் பல்லவர் காலத்துச் சிற்பியின் வேலைமுறை அப்படியே தெரியும். பாறை முகப்பில் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டி, ஒவ்வொரு கட்டமாக உடைத்து எடுத்திருக்கிறார்கள். ரதங்களை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்திருக்கிறார்கள், அடிப்பகுதி சிலவற்றில் முடியாமலே நிற்கிறது. இதைவிட நல்ல கட்டுமானப் பாடம் எங்கே கிடைக்கும்? வரலாறு வாத்தியாரும் கணக்கு வாத்தியாரும் சேர்ந்து அழைத்துப் போயிருக்க வேண்டிய இடம் அது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது பிளஸ் ஒன், அரையாண்டு விடுமுறை. அலைநீளம், அதிர்வெண், வேகம் எல்லாம் இயற்பியலில் படித்து முடித்திருந்தோம். சுனாமி என்ற சொல்லை எங்கள் தெருவில் முதல்முதலாகக் கேட்டதே அன்று மத்தியானம்தான். கடல் உள்வாங்கியது, மாமல்லபுரத்தில் அதுவரை தண்ணீருக்குள் இருந்த பாறைகள் வெளியே தெரிந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கக் கூடாது, மேட்டுக்கு ஓட வேண்டும் என்று தெரியாத காரணத்தால் நம் கடற்கரையில் எத்தனை பேர் போனார்கள்! அதே நாள் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்று ஒரு பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி. கடல் நுரைத்துக் கொண்டு வருவதைப் பார்த்ததும் சுனாமி வருகிறது என்று அம்மாவிடம் கத்தியிருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளுடைய பள்ளியில் புவியியல் வகுப்பில் நடத்தியிருந்தார்கள். கரையைக் காலி செய்தார்கள், சுமார் நூறு பேர் பிழைத்தார்கள். ஒரு பீரியட் பாடம்.

கல்பாக்கத்தில் அன்று கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தது, ஓடிக் கொண்டிருந்த இரண்டாவது அணு உலையைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டார்கள். நம் தொழில்காரர்கள் அந்த வேலையைச் சரியாகச் செய்தார்கள், பாராட்ட வேண்டும். ஆனால் பக்கத்து நகரியத்திலும் மீனவக் குப்பங்களிலும் உயிர்கள் போயின.

அந்த அலை வந்து போன பிறகு, மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு கண்ணில் பட்டது. அது சொன்ன தடயத்தை வைத்து 2005-இல் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். மணலுக்குள் முருகன் கோயில். மேலே பல்லவர் காலக் கட்டுமானம், அதற்கும் கீழே சங்க காலத்துச் செங்கல் கட்டுமானம். பழைய கோயில் கடல் பெருக்கில் அழிந்திருக்கலாம் என்று சொன்னார்கள். அப்படியானால் இந்தக் கரை இதற்கு முன்பும் அடி வாங்கியிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்று மனை விற்கிற ஒருவருக்காவது இது தெரியுமா? 1991 முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி என்று ஒன்று இருப்பது, வங்கிக் கடன் கிடைக்காமல் போகும்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

வெளிநாட்டில் இருக்கும் நம் சங்க நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில், அவன் நாளைக்கு ராக்கெட் விடப் போகிறவனாக இருந்தாலும், நாட்டு வரலாறும் அரசாங்கம் நடக்கும் முறையும் படிக்காமல் ஹைஸ்கூல் முடிக்க முடியாது. அதற்கு மேல் உளவியல், சமூகவியல் என்று இஷ்டப்பட்டதை எடுத்துக் கொள்ளலாம். நம் சி.பி.எஸ்.இ.யிலும் பள்ளி மனது வைத்தால் இயற்பியலோடு புவியியலைச் சேர்த்து எடுக்கலாம். எல்லாவற்றையும் அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை. அங்கே படித்த பிள்ளைகள் எல்லோரும் பொது அறிவில் புலி என்றும் நான் நம்பவில்லை.

இங்கேயும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் வந்த தம்பி தங்கையருக்கு முதல் ஆண்டிலேயே 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு பாடங்கள் உண்டு. இரண்டாவது பாடத்தில் ஏரி, மதகு, சோழர் காலக் குமிழித் தூம்பு எல்லாம் வருகிறது. அதை வைத்துக் கொண்டு வகுப்பறைக்குள் பிபிடி ஓட்டிக் கொண்டிருக்கிறோம். குமிழித் தூம்பு என்று எழுதிக் கொடுத்தால் ஒரு மார்க். இந்த மாவட்டத்தில் ஏரிக்குப் பஞ்சமா, போய்ப் பார்க்க ஒரு பஸ் கிடைக்காதா?

என் வேண்டுகோளுக்கு வருகிறேன். வருஷா வருஷம் பக்கத்துப் பள்ளிகளில் கணக்கிலும் இயற்பியலிலும் முதல் மார்க் எடுத்தவர்களுக்கு நம் சங்கம் பதக்கம் தருகிறது. தரட்டும். ஆனால் அந்தப் பள்ளிகளில் ஒன்றின் தலைமை ஆசிரியரோடு போன மாதம் பேசிக் கொண்டிருந்தேன். ஹிஸ்டரி குரூப்பில் இந்த ஆண்டு சேர்ந்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றார். இன்னும் இரண்டு பேர் குறைந்தால் அந்தக் குரூப்பையே எடுத்துவிடுவார்களோ, வரலாற்று ஆசிரியரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அவருக்குக் கவலை. அந்த அம்மையார் போய்விட்டால், அந்தப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கல்வெட்டு வாசித்துக் காட்ட ஒருவரும் இல்லை.

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை நம்மிடம் இருக்கிறது. அந்தப் பள்ளியின் சயின்ஸ் குரூப், ஹிஸ்டரி குரூப் பிள்ளைகளையும், நம் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு சிவில் மாணவர்களையும் ஒன்றாக ஏற்றிக் கொண்டு ஓர் இடத்துக்குப் போவோம். வரலாற்று அம்மையார் ஒரு பக்கம், நம்மில் ஒரு என்ஜினியர் ஒரு பக்கம். கிராம வரைபடம் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கலாம். சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குப் போகலாம். மார்ச் 22 தண்ணீர் தினத்தில் நடக்கும் கிராம சபையில் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். மார்க் கிடையாது, சான்றிதழ் கிடையாது. தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன். "மார்க் கெடாம பாத்துக்குங்க சார், நான் தடை சொல்ல மாட்டேன்" என்றார். பஸ் வாடகைக்கும் மதிய சாப்பாட்டுக்கும் ஓராண்டுக்குச் சங்க நிதியிலிருந்து ஒதுக்கித் தர வேண்டும் என்று பொதுக்குழுவை வேண்டிக் கேட்டுக் கொள்கிறேன்.

முதல் பயணம் உத்திரமேரூர். காலையில் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் கல்வெட்டு, பிறகு ஏரிக்கரை. வர விரும்புகிறவர்கள் பதிவு மேசையில் உள்ள நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். ஷூ போட்டுக் கொண்டு வாருங்கள், கரையில் வேலிமுள் அதிகம்.